வீல்செயாரும் வரும், ஓடுகிற பிள்ளையும் வரும்: மலையகத்தில் குடும்பமாகப் பார்க் போக, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் தேய்ந்த அம்மாயி, சத்தம் தாங்காத பிள்ளை, காது கேட்காத சித்தப்பா, சீனி வருத்தமுள்ள மாமா, ஊஞ்சலைக் கண்டால் நிற்காமல் ஓடுகிற சின்னவள். நம் குடும்பங்களில் பல இப்படித்தான் இருக்கின்றன. இவர்கள் எல்லாரையும் ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு பூங்காவுக்கோ விளையாட்டு பார்க்குக்கோ போகும்போது வருகிற கேள்விகள் இவை. தலவாக்கலை, ஹட்டன் பக்கத்துக் குடும்பங்களோடு சேர்ந்து இப்படியான பயணங்களை ஒழுங்கு செய்வதால், இவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

எதை முதலில் முடிவு செய்வது, போகிற இடத்தையா?

இல்லை, ஆட்களை. இடத்தை முடிவு செய்துவிட்டு ஆட்களை அதற்குள் திணித்தால், முடியாதவர்தான் கடைசியில் விட்டுக்கொடுப்பார். அதனால் முதல் நாள் ராத்திரி அல்ல, ஒரு வாரத்துக்கு முன்பே ஒரு தாளை எடுத்து ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக மூன்று விஷயம் எழுதுங்கள். நிற்காமல் எவ்வளவு தூரம் போக முடியும், எது ஆகவே ஆகாது, எது ரொம்பப் பிடிக்கும். முதல் இரண்டையும் எல்லாரும் எழுதிவிடுவார்கள். மூன்றாவதைத்தான் வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் யாரும் எழுதுவதில்லை. அம்மாயிக்குப் பூ பிடிக்குமா, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருப்பது பிடிக்குமா, குதிரையைக் கிட்டப் பார்க்க வேண்டுமா? கேளுங்கள். "எனக்கு என்ன இருக்கு, புள்ளைங்க பாத்தா போதும்" என்றுதான் முதலில் சொல்வார். இன்னொரு தடவை கேளுங்கள்.

குடும்பமாகப் போகிறோம். நாள் முழுக்க எல்லாரும் ஒன்றாக இருக்க வேண்டாமா?

என் அபிப்பிராயத்தில், வேண்டாம். நாள் முழுக்க ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற குழுவில்தான் பெரிய அநியாயம் நடக்கும். நடக்க முடியாதவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, பக்கத்தில் எல்லாருடைய பையையும் குவித்து, "இங்கேயே இருங்க, இந்தா வந்துடுறோம்" என்று போய்விடுவார்கள். வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அவர் வந்தது பைக்குக் காவல் இருக்க இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு மற்றவர்களைப் போலத்தான் உள்ளே வந்திருக்கிறார்.

ஒரு நாளில் இரண்டு நேரம் மட்டும் எல்லாரும் கட்டாயம் ஒன்றாக இருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சாப்பாடு. மற்றது எல்லாராலும் செய்யக்கூடிய ஒரு காரியம், பெரும்பாலும் படமெடுப்பதோ ஏரிக்கரையில் ஒரு சுற்று வருவதோ. மீதி நேரத்தில் இரண்டாகவோ மூன்றாகவோ பிரியுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் தொலைபேசி உள்ளவர் ஒருவர், உதவி செய்யக்கூடியவர் ஒருவர், செய்வதற்கு ஒரு காரியம் இருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பது காரியம் ஆகாது, அவரே அதைக் கேட்டிருந்தால் தவிர. பைகளை வேனில் பூட்டுங்கள்.

போனில் கேட்டால் "வீல்செயார் வரலாம், பிரச்சினை இல்லை" என்கிறார்கள். போய்ப் பார்த்தால் படிகள். எப்படிக் கேட்பது?

"வீல்செயார் வரலாமா?" என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். நான்கு பேர் தூக்கினால் எங்கேயும் போகலாம் என்ற எண்ணத்தில் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வளர்ந்த ஒரு மனிதருக்கு நாலு பேர் கையில் தொங்கிக்கொண்டு போவது எவ்வளவு சங்கடம் என்று அவர்களுக்குத் தெரியாது.

எண்ணிச் சொல்ல வேண்டிய கேள்விகளாகக் கேளுங்கள். வாசலில் எத்தனை படி? வேன் எதுவரை வரும், அங்கிருந்து உள்ளே எவ்வளவு தூரம்? பாதை கொங்கிரீட்டா, சரளைக்கல்லா, புல்லா? மலசலகூடத்தில் கொமட் இருக்கிறதா, குந்தும் வகைதானா? அதன் கதவு எத்தனை அங்குலம்? உங்கள் வீல்செயாரின் மொத்த அகலத்தை, சக்கரத்தின் வெளிவளையமும் சேர்த்து, வீட்டிலேயே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மலசலகூடக் கதவை ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு இடத்துக்குப் போகலாமா வேண்டாமா என்பதை இந்தக் கதவுதான் முடிவு செய்யும். பலர் தண்ணீரே குடிக்காமல் வருவது இதற்குப் பயந்துதான். அது சிறுநீரகத்துக்கும் கூடாது, சீனி வருத்தத்துக்கும் கூடாது.

மலையகத்தில் எந்த இடங்கள் இப்படியான குழுவுக்குச் சரிவரும்?

மலை என்றாலே ஏற்ற இறக்கம்தான். இருந்தாலும் சமதரை உள்ள இடங்களும் இருக்கின்றன.

நுவரெலியாவில் கிரகரி ஏரிக்கரை முதலில் வரும். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் 1873இல் உருவாக்கிய ஏரி. கரையோரப் பாதை பெரும்பாலும் மட்டம். படகு, குதிரை, சிறுவர் விளையாட்டு எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், பிரிந்து போனாலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். படகில் ஏறும் இடத்தில் மட்டும் கவனம். மேடைக்கும் படகுக்கும் இடையில் கால் எட்டி வைக்க வேண்டியிருக்கும், படகும் ஆடும். அம்மாயிக்கு ஆசை இருந்தால் இரண்டு பக்கமும் ஆள் நின்று கையைக் கொடுங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாமல் யாரும் ஏற வேண்டாம்.

விக்டோரியா பார்க் நகரத்தின் நடுவே இருக்கிறது. 1897இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவை ஒட்டி அந்தப் பெயரை வைத்தார்கள். பூ, நிழல், பறவை. சத்தம் ஆகாத பிள்ளைக்குக் காலையில் நல்ல இடம்.

ஹக்கல பூங்காவைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். 1861இல், மலேரியா மருந்து எடுக்கும் சிங்கோனா மரம் வளர்ப்பதற்காகத் தொடங்கிய அருமையான தோட்டம், ஆனால் மலைச் சரிவில் இருக்கிறது. கீழ்ப்பகுதியைப் பார்க்கலாம். மேலே போகப் போக வீல்செயார் தள்ளுபவரும் களைப்பார், உட்கார்ந்திருப்பவரும் பயப்படுவார். அங்கே போகிற வழியில் சீதா எலியவில் சீதை அம்மன் கோவில் தெருவோரமே இருக்கிறது. இறங்க முடியாதவர்கள் வேனில் இருந்தபடியே கும்பிட்டுக்கொள்ளலாம்.

எனக்குக் கேட்டால், கலப்புக் குழுவுக்கு மலையகத்திலேயே சிறந்த இடம் பேராதனைப் பூங்காதான். ஏறத்தாழ 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி, பெரும்பகுதி சமதரை, அகலமான பாதைகள். நுவரெலியாவைவிட மிகத் தாழ்வாக இருப்பதால் குளிரும் குறைவு, மூட்டுவலிக்காரருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் இடம் பெரியது. முழுவதையும் பார்க்க நினைக்காதீர்கள். பனை மரச் சாலை, ஓர்க்கிட் வீடு, பெரிய புல்வெளி என்று தேர்ந்தெடுங்கள். ஆற்றின் மேல் தொங்கு பாலம் ஆடும், ஓடுகிற பிள்ளைகளை அங்கே ஒரு பிரிவாக அனுப்பிவிடலாம்.

ஹோட்டன் சமவெளியில் 'உலக முடிவு' என்கிற செங்குத்துப் பாறை விளிம்புக்கு வீல்செயாரோடு போக முடியாது. கல்லும் வேருமான பாதை, முழுச் சுற்று ஒன்பது கிலோமீற்றருக்கும் மேல். ஆனால் வாகனப் பாதை வரைக்கும் போய், விடியற்காலையில் மேய வரும் மரைகளை வேன் ஜன்னலில் இருந்து பார்ப்பதே சிலருக்குப் போதுமான பயணம். அதேபோல் ஹட்டன் - தலவாக்கலைத் தெருவில் டெவன், சென் கிளேயர் அருவிகள் இரண்டும் தெருவில் இருந்தே தெரியும். மேல் கொத்மலை மின் திட்டத்துக்குப் பிறகு சென் கிளேயரில் முன்போலத் தண்ணீர் இல்லை, டெவன் அருவியைப் பார்க்க நிறுத்துங்கள்.

எந்த நாளில் போவது?

ஏப்ரல் சீசனில் வேண்டாம். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, ஒலிபெருக்கி, நகரம் முழுக்க வாகனம். சீசனின் கலகலப்பை விரும்புகிற பிள்ளைகளை இன்னொரு நாள் தனியாகக் கூட்டிப் போங்கள். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை குறைவு, காலை வெளிச்சம் நன்றாக இருக்கும். பகல் தாண்டினால் மூட்டம் இறங்கிவிடும், ஆகவே காலையிலேயே போய் இரண்டு மணிக்குள் முடிப்பது போலத் திட்டமிடுங்கள்.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வார நாளில் போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். ஞாயிற்றுக்கிழமை போகத்தான் வேண்டும் என்றால், பூங்கா திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். முதல் இரண்டு மணி நேரம் ஞாயிறிலும் அமைதியாகவே இருக்கும்.

வேனா, ரயிலா?

நானுஓயாவில் இருந்து எல்லப் பக்கம் போகும் ரயில் எல்லாருக்கும் ஆசைதான். ஆனால் பெட்டியின் படி உயரம், வாசல் ஒடுக்கம், ரயில் நிற்கும் நேரமும் கொஞ்சம். சில படிகள் ஏறக்கூடியவர், மடிக்கக்கூடிய வீல்செயார், இரண்டு பலமான ஆட்கள் இருந்தால் ஆசனம் முன்பதிவு செய்து போகலாம். நிலைய அதிபரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முடியவே முடியாதவர் இருந்தால் குழுவைப் பிரித்து, ஒரு பகுதி ரயிலில், மறு பகுதி வேனில் போய் அடுத்த நிலையத்தில் கையசைத்துச் சந்திப்பது பிள்ளைகளுக்குக் குதூகலமாகவே இருக்கும்.

வேன் என்றால், ஏறுவதற்கு ஒரு சின்னப் பலகை ஸ்டூலைப் போட்டுக்கொள்ளுங்கள். றம்பொடை வளைவுகளில் வாந்தி வருகிறவர் முன் ஆசனத்தில். பெரிய மழைக்குப் பிறகு மண்சரிவு இருக்கிறதா, பாதை திறந்திருக்கிறதா என்று விசாரிக்காமல் கிளம்ப வேண்டாம்.

சரிவில் வீல்செயாரை எப்படித் தள்ளுவது? பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான். இறக்கத்தில் முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகக்கூடாது. நாற்காலியைத் திருப்பி, தள்ளுபவர் பின்னோக்கி நடந்து இறங்க வேண்டும். பெரிய சக்கரங்கள் முதலில் இறங்கும், உட்கார்ந்திருப்பவர் மேட்டைப் பார்த்தபடி இருப்பார். அவர் முன்னால் சரிந்து விழ மாட்டார். செங்குத்தான இடத்தில் இன்னொருவர் முன்பக்கம் நின்று சட்டத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். சரளைக்கல்லிலும் ஈரப்புல்லிலும் முன் சக்கரங்கள் புதையும். அங்கேயும் திருப்பி, பின்னோக்கி இழுப்பதுதான் இலகு. நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் இரண்டு பிரேக்கையும் போடுங்கள். எழுந்து மாறும்போது கால்தட்டை மடித்துவிடுங்கள், அதன் மேல் மிதித்தால் நாற்காலியே கவிழும். சேலைத் தலைப்பும் கம்பளிப் போர்வையும் சக்கரக் கம்பியில் சிக்காமல் மடியில் செருகுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், தள்ளத் தொடங்குகிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டுத் தள்ளுங்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை வரிசையில் நிற்க மாட்டான். சுற்றி இருப்பவர்கள் ஏதாவது சொல்கிறார்கள்.

முந்தின நாளே போகிற இடத்தின் படங்களைக் காட்டி, முதலில் இது, அப்புறம் இது, பிறகு வீடு என்று வரிசையாகச் சொல்லிக்கொடுங்கள். காதை மூடும் ஹெட்செட், பழகிய தின்பண்டம், கையில் வைத்துக்கொள்ள விருப்பமான ஒரு பொருள். உள்ளே நுழைந்ததும் ஒரு அமைதியான மூலையைப் பார்த்து வையுங்கள். வரிசையில் பெரியவர் ஒருவர் நிற்கட்டும், பிள்ளை அந்த மூலையில் இருக்கட்டும், முறை வரும்போது கூப்பிடுங்கள். வாயிற்காரர் நிறையப் பேருக்கு இது புரியும், கேட்டால் விடுவார்கள். சிங்களத்திலும் தமிழிலும் இரண்டு வரி எழுதிய அட்டை ஒன்று சட்டைப்பையில் இருந்தால் விளக்கம் சொல்லி நேரம் போகாது. "இந்தப் பிள்ளைக்கு ஆட்டிசம். சத்தமும் காத்திருப்பும் கஷ்டம். தயவுசெய்து உதவுங்கள்." அவ்வளவு போதும்.

ஏரிக்கரையில் ஒரு தடவை எங்களோடு வந்த பையன், டிக்கெட் மேசையின் ஒலிபெருக்கி அலறியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் குந்திவிட்டான். பின்னால் நின்ற ஒரு பெண், "இது காத்து கருப்பு, கோயிலுக்குக் கொண்டு போங்க" என்றார். அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. தங்கச்சிக்காரி நேராக மேசைக்குப் போய், "அண்ணனுக்கு சத்தம் ஆகாது மாமா, அந்த மைக்க கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றாள். மேசையில் இருந்தவர் உடனே நிறுத்தினார். சும்மா நிறுத்தவில்லை, எழுந்து வந்து, பிள்ளையைத் தொடாமல் சற்றுத் தள்ளி நின்று, "சரியா மகன்?" என்று கேட்டார். ஊர் வாயை மூட நம்மால் முடியாது. ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லி யாரையும் கேட்க முடியும்.

காது கேட்காதவர், பார்வை குறைந்தவர் இருந்தால்?

காது கேட்காதவருக்குச் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் எழுத்தில் அனுப்புங்கள். படகுக்காரர் கத்திச் சொல்லும் பாதுகாப்பு விஷயத்தை ஏறுவதற்கு முன்பே சைகையில் சொல்லிவிடுங்கள். பார்வை குறைந்தவரின் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். அவர் உங்கள் முழங்கையைப் பிடித்து அரை அடி பின்னால் வரட்டும். படி வந்தால் ஏறுவதா இறங்குவதா என்று சொல்லுங்கள்.

சீனி வருத்தம், வலிப்பு, இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு?

கிளினிக் கொப்பியும் மருந்தும் அவரவர் கையில், வேனில் அல்ல. சாப்பாட்டு நேரம் பிந்தக்கூடாது. இன்சுலின் போடுகிறவருக்கு நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே சீனி போட்ட தேத்தண்ணி. நுவரெலியாக் குளிர் இழுப்பைக் கிளப்பும், பம்ப் கழுத்தில் தொங்கட்டும். வலிப்பு உள்ளவர் தண்ணீரில் தனியாக இறங்கக்கூடாது, மின்னும் விளக்கு உள்ள விளையாட்டும் சிலருக்கு ஆகாது. அவசரம் என்றால் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ், இலவசம்.

அக்காவும் அம்மாவும் பெரிய விளையாட்டில் ஏற ஆசைப்படுகிறார்கள். பிள்ளையை யார் பார்ப்பது?

வெளிநாட்டுப் பார்க்குகளில் இதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ஒருவர் வரிசையில் நின்று ஏறிவிட்டு வருவார், மற்றவர் பிள்ளையோடு இருப்பார். பிறகு இடம் மாறும்போது இரண்டாமவர் திரும்பவும் வரிசையில் நிற்கத் தேவையில்லை. ஹட்டனில் இருந்து கொழும்புக்கு இறங்குகிற வழியில் உள்ள விளையாட்டு, நீர்ப் பூங்காக்களிலும் டிக்கெட் கிழிப்பவரிடம் இதையே கேட்டுப் பாருங்கள். எழுதி வைத்த விதி இல்லாவிட்டாலும், கூட்டம் இல்லாத நேரத்தில் மறுக்க மாட்டார்கள். பராமரிக்கிறவரும் ஒரு தடவை சிரித்துக்கொண்டு இறங்க வேண்டும், அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து எங்களைக் கூப்பிட்டு டிஸ்னிக்குக் கொண்டு போகப் போகிறார்களாம். அங்கே எப்படி?

அமெரிக்க டிஸ்னியில் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கென்று ஒரு இலவச ஏற்பாடு 2013 முதல் இருக்கிறது. வரிசையின் நீளத்துக்கு ஏற்ப ஒரு நேரம் தருவார்கள், அதுவரை வேறு இடத்தில் இருந்துவிட்டு வரலாம். 2024இல் விதியை இறுக்கி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களுக்கே அது என்று ஆக்கினார்கள். பெரும்பாலும் வீடியோ அழைப்பில் பேசிப் பதிய வேண்டும். வீல்செயார் மட்டும் இருந்தால் அது கிடைக்காது, ஏனென்றால் பெரும்பாலான வரிசைகள் வீல்செயார் போகிற மாதிரியே கட்டப்பட்டவை. சில விளையாட்டுகளில் நாற்காலியோடே ஏறலாம், சிலவற்றில் ஆசனத்துக்கு மாற வேண்டும். ஊழியர்கள் தூக்கிவிட மாட்டார்கள், குடும்பத்தவர்தான் உதவ வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், போகும் மாதத்தில் மகளை அவர்களின் தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

குழுவில் சலுகை கிடைப்பவர் ஒருவர், கிடைக்காதவர் நால்வர் என்றால் மேலே சொன்ன பிரிவுமுறை அங்கேயும் உதவும். இன்னொன்று, நம் குளிரில் பழகிய உடம்புக்கு ஃபுளோரிடா வெயில் பெரிய சோதனை. நடுப்பகலில் குளிரூட்டிய இடத்தில் ஓய்வு வையுங்கள்.

இலங்கையில் இதெல்லாம் உரிமையா, தயவா?

உரிமை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. தானே வீல்செயாரில் இருந்த கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், 2011இல் உயர் நீதிமன்றம் இந்த வசதிகளை, மலசலகூடம் உட்பட, செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்தது. இவ்வளவும் இருந்தும் பல வாசல்களில் இன்னும் படிதான். போய்வந்த பிறகு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எந்த வாசல், எத்தனை படி, கதவின் அகலம் எவ்வளவு என்று அளவோடு, படத்தோடு. உள்ளூராட்சி சபைக்கு ஒன்று, பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தருக்கு ஒன்று.

அம்மாயி "நான் வரல்ல, நீங்க போயிட்டு வாங்க" என்று அடம்பிடிக்கிறார்.

காரணத்தைத் தோண்டிக் கேளுங்கள். பெரும்பாலும் வர விருப்பமில்லாமல் அல்ல. மலசலகூடப் பயம், மற்றவர்களுக்குத் தொந்தரவு என்ற எண்ணம், வீல்செயாரில் உட்கார்ந்தால் ஊர் பார்க்குமே என்ற கூச்சம், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவதுக்கு அந்தக் கதவின் படத்தைக் காட்டலாம். இரண்டாவதுக்கு, அவருக்கென்று எழுதிய திட்டத்தைப் படித்துக் காட்டலாம். மூன்றாவதுக்கு வற்புறுத்த வேண்டாம். நடக்கும் தூரம் நடக்கட்டும், நாற்காலி மடித்தபடி வேனில் இருக்கட்டும், கேட்கும்போது எடுக்கலாம். எல்லாம் சொல்லியும் வர மனமில்லை என்றால், அதுவும் அவருடைய முடிவு.

பாதி நாளில் ஒருவருக்கு முடியாமல் போனால் எல்லாரும் திரும்ப வேண்டுமா?

இதை வீட்டிலேயே பேசி முடியுங்கள். களைத்தவரோடு திரும்பிப் போவது யார் என்று இரண்டு பெயரை முன்கூட்டியே குறித்துவையுங்கள், எப்போதும் அம்மாவாக இருக்கக்கூடாது. ஓட்டோவுக்கான காசைத் தனியாக ஒரு கவரில் வையுங்கள். வேன் சாரதியிடம், ஒருவர் படுக்க வேண்டி வந்தால் பின் ஆசனத்தைக் காலி செய்து தர முடியுமா என்று கேட்டு வையுங்கள். ஒரு கம்பளி, ஒரு தலையணை, ஃபிளாஸ்கில் சுடுதண்ணீர் எப்போதும் வேனிலேயே இருக்கட்டும்.